துணியில் ஒட்டிய ஆரஞ்சுப் பொடி

பேரனுக்கு மாற்றிக் கட்டத் துணி எடுத்த லெவி பிராக்கெட், மடிப்பை விரித்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைத் துணி நெடுக ஆரஞ்சு நிறத்தில் பொடி.

"ஹல்டா, பிள்ளைக்கு வயிறு சரியில்லையா?"

மகள் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கான். அது துவைச்சு எடுத்த துணிப்பா, இன்னும் அவன்மேல படவே இல்ல."

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மிசஸ் பிளைஸ்டெட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "காரட் குடுத்தீங்களா?"

"பல்லே இல்லாதவனுக்கா?"

"அப்ப பல்லு முளைக்குதோ என்னவோ."

"துணிக்கா பல்லு முளைக்குது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். லெவி பேரனின் நாக்கைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார். பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ராஜா மாதிரி இருக்கிறான். பிறகு இது என்ன?

மரத்துக்கு ஒன்று என்றால் அந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே அவரிடம்தான் ஓடிவரும். வாலிபத்தில் மரம் வெட்டும் கூடாரத்தில் கட்டைகளை அளந்தவர். அவர் அளந்து முடித்த மலை மொட்டையாகி, மழையில் கரைந்து ஆற்றோடு போனதைப் பார்த்துவிட்டு, காடு வளர்க்கப் படிக்க ஜெர்மனிக்குக் கப்பலேறினார். திரும்பி வந்தபோது ஊரே சிரித்தது. "மரம் தானா வளருது, அதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" கல்லூரிக்காரர்கள் வகுப்பு நடத்தக் குதிரை லாயத்துக்கு மேலே வைக்கோல் பரணைக் கொடுத்தார்கள். ஏழு விவசாயிப் பையன்கள் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் ஆடு மேய்ந்து வறண்ட கல்லூரி நிலத்தில் வெள்ளைப் பைன் நட்டார். அதுதான் இப்போது அண்ணாந்து பார்க்க வைக்கும் தோப்பு. பிறகு வந்த மாணவர்கள் எல்லாரும் அதற்குள் நின்றுதான் பாடம் படித்தார்கள்.

அந்தப் பைனுக்கு ஒரு நோய் வந்தது. பட்டையில் கொப்புளம் கட்டி மரம் சாகும். விசித்திரம் என்னவென்றால், அது பைனிலிருந்து பைனுக்குத் தொற்றாது. கூஸ்பெர்ரி என்ற புளிப்புப் பழ முள்புதரின் இலையடியில் ஆரஞ்சுப் பொடியாகப் போய்த் தங்கி, அங்கிருந்துதான் அடுத்த பைனுக்கு வரும். லெவி இதை லென்ஸில் பார்த்தார், பாடமும் எடுத்தார். ஆனாலும் அவர் மனசுக்கு இன்னும் சமாதானமாகவில்லை. ஒரு மரம் சாவதற்கு யாரோ வீட்டுத் தோட்டத்துப் பழம் எதற்குக் குறுக்கே வர வேண்டும்?

புரிந்ததோ இல்லையோ, மாணவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றுவட்டாரப் புதர்களையெல்லாம் பிடுங்கினார். தரையில் போட்டால் மறுபடி வேர் பிடிக்கும் என்று கிளைகளில் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஜனங்கள் அவற்றுக்குக் கீழே குனிந்து சர்ச்சுக்குப் போனார்கள். மிசஸ் பிளைஸ்டெட்டின் இரண்டு புதரும் போயின. "பைன் மரத்துக்குக் காய்ச்சல்னு என் தோட்டத்துக்கு மருந்து குடுத்த ஆளு" என்று இன்றுவரை அவரைச் சொல்வாள்.

புதன்கிழமை தோப்பைச் சோதிக்க ஆள் வருகிறார். பக்கத்தில் ஒரு புதர் இருந்தாலும், நோய் பரவுவதற்குள் தோப்பை வெட்டி விற்றுவிடுவதாகக் கல்லூரி முடிவு செய்திருந்தது.

லெவி துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். அந்த நோயின் பொடியேதான்.

"இத எங்கம்மா காயப்போட்ட?"

ஹல்டா பிள்ளையைத் தோள் மாற்றினாள். "கயிறு நிறைஞ்சிடுச்சு. விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி… ஒரு செடிமேல."

அங்கே போனால் ஒரு கூஸ்பெர்ரிப் புதர். இலையைத் திருப்பினார். அடியெல்லாம் ஆரஞ்சு. நிமிர்ந்தால் முதல் ஏழு பையன்கள் நட்ட வரிசை.

பின்னாலேயே வந்த ஹல்டா சொன்னாள், "மசக்கையில எதுவுமே வயித்துல தங்கலப்பா. இந்தப் புளிப்பு ஒண்ணுதான் தங்குச்சு, அதான் உங்களுக்குத் தெரியாம வெச்சிருந்தேன். உங்க பேரன்ல பாதி கூஸ்பெர்ரிதான்."

லெவிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. நோய் பிடித்திருந்தாலும் பைனில் வெளிப்படச் சில வருஷம் ஆகும். ஆனால் பிறகு மிசஸ் பிளைஸ்டெட் முகத்தில் எப்படி முழிப்பது?

கையெல்லாம் முள் கிழிக்கப் பிடுங்கினார். வாசல் கேட்டில் வேர் மேலே தெரியத் தொங்கவிட்டார்.

"புரொபசர், இது யாரு வீட்டுது?" மிசஸ் பிளைஸ்டெட் தெரியாமலா கேட்டாள்.

"என் வீட்டுது."

"அப்ப சரி. இப்பதான் எனக்கு வயிறு குளுந்துச்சு."

புதன்கிழமை வந்தவர் அவருடைய பழைய மாணவர். கேட்டில் தொங்கியதைப் பார்த்தார், தோப்பைச் சுற்றினார், தொப்பியைக் கழற்றினார். "கொட்டகைக்குப் பின்னால இருக்கிற வரிசைய வெட்டிடணும் சார். புதர நீங்களே பிடுங்கிட்டீங்க, மிச்சம் இப்போதைக்கு நிக்கட்டும்னு கல்லூரிக்கு எழுதுறேன்."

"அப்ப தோப்பு தப்பிச்சுதா, இல்லையா?"

"நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க சார். நீங்களே சொல்லுங்க."

முதல் வரிசையில் கோடாரி விழத் தொடங்கியதும் பேரன் திடுக்கிட்டு அவர் தோளில் முகம் புதைத்தான். லெவி அவன் முதுகைத் தட்டினார்.

"ஏன் வெட்டுறாங்கன்னு கேக்காதடா ராஜா. தாத்தாவுக்கே இன்னும் முழுசா புரியல."