மைதீன் எழுதாமல் விட்ட ஆறு

கரைத்த மசியும் நனைந்த காகிதமும் கலந்த ஒரு வாசனை... பரீட்சை என்றால் எனக்கு இன்னும் அதுதான்.

வெள்ளைக்காரன் காலம். திருநெல்வேலியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளத்துக்குக்கூட இங்கிலீஷில்தான் பதில் எழுத வேண்டும். அந்த வருஷம் வந்த கேள்வி: உங்கள் ஜில்லாவில் ஓடும் ஒரு நதியை விவரி.

நான் வெளுத்துக் கட்டினேன். இங்கிலீஷ் ரீடரில் வந்த லண்டன் தேம்ஸ் நதிப் பாடம் எனக்கு மனப்பாடம். பெயரை மட்டும் தாமிரபரணி என்று மாற்றிவிட்டு, கரையெல்லாம் மூடுபனி, நடுவிலே கப்பல்கள் என்று ஒரு பக்கம்.

பக்கத்துப் பெஞ்சு மைதீன் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. பேட்டைப் பையன். லீவு விட்டால் வாப்பாவோடு வண்டியில் ஊர் ஊராகப் போய் ஜவுளி விற்பான். தேறாவிட்டால் படிப்பை விட்டு வண்டியோடு வந்துவிட வேண்டும் என்று வாப்பா சொல்லியிருந்தார்.

பேப்பர் கொடுக்கிற அன்றைக்கு வாத்தியார் கேட்டார்.

"ஏலே மைதீனு, ஆத்தைப் பத்தி ஒரு வரி எழுதத் தெரியாதாலே?"

"தெரியும் சார். இங்கிலீசுல வரல."

"சரி, தமிழ்ல சொல்லு."

சொன்னான் பாருங்கள்...

"பாவநாசத்துல பாறையில விழுந்து எந்திரிச்சு வருது சார். அங்கன பேசினா காது கேக்காது. கல்லிடைக்குறிச்சி தாண்டுனா பைய நடக்குது. சீவலப்பேரியில சித்தாறு வந்து சேருது. புன்னைக்காயல்ல வாயில வச்சா உப்புக் கரிக்குது..."

வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மார்க் என்னவோ எனக்குத்தான். இங்கிலீஷில் பிழை இல்லையாம். தாமிரபரணியில் கப்பல் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

அவன் தேறவில்லை.

வாசலில் பிடித்துக் கேட்டேன். "எதையாவது எழுதி வச்சிருந்தா பாஸ் ஆயிருப்பியேலே?"

"எதையாவதா? நம்ம ஆத்தைப் பத்தியா?" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமைதான். அப்படி ஒரு கேள்வியை விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இருந்ததே இல்லை.

இப்போது பிள்ளைகள் தமிழிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். நல்ல காலம்தான். அன்றைக்கே அப்படி இருந்திருந்தால் மைதீன் முதல் மார்க் வாங்கியிருப்பான் என்று நினைத்தால், பென்ஷன் வாங்கும் இந்த வயதிலும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நேற்று சாயங்காலம் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் முதலில் ஓடியது அந்த மூடுபனியும் கப்பலும்தான்.