எஸ்தர் அதை வெட்டச் சொல்லவில்லை

செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'சவுக்குத்தோப்பு' இரண்டாம் பாகத்தில் வேலை செய்தவர்களின் குழு அது. நான் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் ரயிலுக்கு நின்றிருந்தேன். முதலில் அந்தப் படத்தின் ப்ளூரே அட்டைப்படம் வந்திருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதற்கும் கீழே, எங்கள் இயக்குநர் எஸ்தரின் தம்பி பிரான்சிஸ் போட்ட ஒற்றை வரி: "அக்கா காலைல தவறிட்டாங்க." அதற்குக் கீழே கும்பிடும் கைகள். கட்டைவிரல் காட்டியவர்களே கும்பிட்டிருந்தார்கள். விரல் கொஞ்சம் கீழே நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மூளையில் ரத்தக்கசிவு. பல் துலக்கிக்கொண்டிருந்தாராம்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சில வரிகள். எஸ்தர் அச்சரப்பாக்கத்துக்காரர். இரண்டு படங்கள் எடுத்தார். முகமூடி போட்ட ஒருவன், கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் படங்கள். முதல் பாகம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகத்துக்காக அவரைத் திட்டினார்கள். அந்தக் காலை வரை திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். நடித்த சாவு நடித்தவரைத் தொடர்ந்து வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக. படத்தில் அது வராது. பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை. எங்கள் படத்தில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே சிரிப்புகளும் சேர்ந்துகொண்டே இருந்தன.

முதல் பாகத்தில் நான் உதவி இயக்குநர். பல்கலைக்கழகத்தை விட்டு வந்த புதிது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தோப்பில் படப்பிடிப்பு. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கும் காஞ்சனா, மீன்காரியாகவே நடித்தார். கழுத்தில் சிவப்புச் சாயம் வழிய மணலில் கிடந்தவரை எஸ்தர் கைகொடுத்து உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னார்.

"இன்னாமே, செத்துட்டு சிரிக்கச் சொல்ற?" என்றார் காஞ்சனா.

"செத்தது நீ இல்லன்னு சாமிக்குத் தெரிய வேணாமா?"

"உங்க சாமிக்கா, எங்க சாமிக்கா?"

"ரெண்டு பேரும்தான் பாத்துகினு கீறாங்க. சிரி."

காஞ்சனா சிரித்தார். பல்லிலும் சாயம். சிரிப்பு பெரிதாகி, தானே அடங்கியது. அடங்கிய பிறகும் அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரும் 'கட்' சொல்லவில்லை. எஸ்தர் மானிட்டரை விட்டு எழாமல் இருந்தார். அன்று மாலை, சிரிப்பு ஷாட்களில் ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது என்று எடிட்டரிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கே அப்போது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாகத்தின் முடிவு அதுதான். கொலைகாரன் பிடிபடுவதில்லை. சாவதுமில்லை. தோப்பு காலியாக இருக்கிறது. பிறகு, இரண்டு பாகங்களிலும் கொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மணலிலிருந்து எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இசை கிடையாது. காற்று மட்டும். சிரிப்பு அடங்கிய பிறகும் பார்க்கிறார்கள். கடைசிச் சிரிப்பு எஸ்தருடையது. ஒருநாள் நடிகை ஒருவர் வராததால் அவரே பிணமாகப் படுத்தார். வழக்கப்படி அவரும் எழுந்து சிரிக்க வேண்டியிருந்தது.

அது குறையில்லாத படம் அல்ல. நடுவில் இழுக்கும். போலீஸ்காரரின் காதல் தேவையே இல்லை. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அந்த முடிவைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

முதல் நாள், செங்கல்பட்டில் ஒரு தியேட்டர். சிரிப்புகள் தொடங்கியதும் பாதிப் பேர் ஊளையிட்டார்கள். யாரோ திரையை நோக்கிப் பாப்கார்னை வீசினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவர், மனைவி கையைப் பிடித்து இழுத்தும் எழாமல், அழுதுகொண்டிருந்தார். எஸ்தர் உள்ளே இல்லை. எதிரே டீக்கடையில் நின்று, வெளியே வருகிறவர்கள் தன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவன் ஒருவனை நிறுத்தி, படம் எப்படி என்று யாரோ போலக் கேட்டார்.

"டப்பு வேஸ்ட்டுக்கா. செத்தவங்கள்லாம் எழுந்து சிரிக்கிறாங்க. செம பேஜாரு."

"நீ அவங்க சாவுறத பாக்கத்தானே டிக்கெட் எடுத்த? அவங்க ஒருவாட்டி உன்ன பாக்க வேணாமா?"

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மச்சான், இந்தக்காதான் எடுத்துக்கீது போல" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு நடந்தான். எஸ்தர் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இயக்குநருக்கு மனநல ஆலோசனை தேவை என்று ஒரு விமர்சகர் யூடியூபில் சொன்னதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "நான் யாரையும் கொல்லலையே. செத்தவங்கள எண்ண வெச்சேன்" என்றார்.

படத்தைத் தியேட்டர்கள் சீக்கிரமே தூக்கிவிட்டன. ஓடிடி எதுவும் வாங்கவில்லை. சேகரிப்பாளர்களுக்காகப் பழைய படங்களையும் விசித்திரமான படங்களையும் ப்ளூரேயாகப் போடும் ஒரு சிறு நிறுவனம்தான் கேட்டு வந்தது. ஆகவே இனி அந்தப் படம் என்றால் அந்த டிஸ்க்தான். அதில் இருப்பதே படமாக இருக்கும். இது எஸ்தருக்குத் தெரியும். தயாரிப்பாளருக்கும் தெரியும்.

தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். முடிவை மாற்றிவிடலாம் என்றார் தயாரிப்பாளர். வீட்டில் குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் சங்கடப்படுவார்கள் என்றார். கழுத்தறுப்பதைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று எஸ்தர் கேட்டார். பிறகு எஸ்தர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"முடிவு இருந்தா என் பேரு இருக்கட்டும். முடிவு போச்சுன்னா பேரையும் தூக்கிடுங்க சார். ரெண்டுல ஒண்ணு."

முடிவு இருக்கும் என்று தயாரிப்பாளர் கைகொடுத்தார். நான் பார்த்தேன்.

அச்சரப்பாக்கத்தில் அடக்கம். அடுத்த வாரம் சென்னையில் அஞ்சலிக் கூட்டம். மனநல ஆலோசனை சொன்ன விமர்சகர் வந்திருந்தார். எஸ்தர் காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டவர் என்றார். எந்தக் காலம்? போன மாதமா? தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஸ்தரின் கனவை உலகின் கைகளில் சேர்ப்பேன் என்றார். கைதட்டினார்கள். அதே வாரத்தில்தான் முடிவு வெட்டப்பட்டது. வெட்டிய எடிட்டிங் உதவியாளர் என்னிடம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எஸ்தர் இருந்தவரை அந்த முடிவைத் தொடப் பயந்தார்கள். இதை மரியாதை என்று நான் தவறாக நினைத்திருந்தேன்.

டிஸ்க் எஸ்தரின் வீட்டுக்குக் கூரியரில் வந்தது, மலர்க்கொத்தோடு. அட்டையில் கறுப்புக் கட்டத்துக்குள் 'இயக்குநர் எஸ்தரின் நினைவாக'. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த பிறகு, பிரான்சிஸ் என்னைக் கூப்பிட்டார். அவர்களுடைய அம்மா கொலைப் படம் எதையும் பார்க்காதவர். மகள் முகம் இதில் வரும் என்று கேள்விப்பட்டு, போடச் சொன்னாராம். காஞ்சனாவும் புதுப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

அந்த டிஸ்க்கில், வேறு காட்சிக்காக எடுத்த துப்பாக்கிச் சூட்டை ஒட்டவைத்து, போலீஸ்காரர் கொலைகாரனைச் சுட்டுவிடுகிறார். சுபம். இயக்கம்: எஸ்தர். மகள் முகம் எங்கே என்று அம்மா கேட்டார். பிரான்சிஸ் ரிமோட்டை அழுத்தித் தேடினார். 'கூடுதல் காட்சிகள்' என்ற பகுதியில் இருந்தது. தலைப்பு: 'சிரிப்போ சிரிப்பு'.

செத்தவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவர் எழும்போதும் சுருள்கம்பி துள்ளும் ஓசை. காஞ்சனாவுக்கு ஆட்டோ ஹாரன். கடைசியில் எஸ்தர், நெற்றியில் மணலோடு. அவருக்கும் சுருள்கம்பி.

"இன்னாடா சத்தம் அது?" என்றார் அம்மா.

"காமெடிக்குப் போட்டுக்கீறாங்கம்மா."

"அவ எழுந்துகினு கீறாடா. அதுக்கு எதுக்கு இந்தச் சத்தம்?"

பிரான்சிஸ் ஒலியை நிறுத்தினார். திரும்பப் போட்டார். எஸ்தர் எழுந்தார், சிரித்தார், சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். அந்த வீட்டில் அப்போது நடந்ததை நான் விவரிக்க மாட்டேன். அது படத்தின் முடிவு. அதற்காகத்தான் எஸ்தர் அந்தப் படத்தை எடுத்தார்.

வெளியே வந்ததும் காஞ்சனா சொன்னார்: "அந்தச் சிரிப்பு சம்பளத்துக்குச் சிரிச்சது இல்ல தம்பி. எங்க உசுருக்குச் சிரிச்சது. அத அவன் எப்டி விப்பான்?"

சட்டம் என்ன சொல்லும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். செத்தவர்களாக நடித்த எல்லோரும் எங்களோடு சேர்ந்துவிட்டார்கள்.

போன வாரம் டிஸ்க் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். நல்ல விற்பனையாம். அடுத்த பதிப்பில் சிறு கையேடு வைக்கிறார்களாம். இயக்குநருடன் பணிபுரிந்தவர் என்ற முறையில் நான் ஒரு அஞ்சலிக் குறிப்பு எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். எழுதி அனுப்பினேன். "இதன் முடிவு எஸ்தர் இறந்த பிறகு வெட்டப்பட்டது. அவர் சம்மதிக்கவில்லை. பெயரை எடுக்கச் சொல்லியிருந்தார்." பதில் பண்பாக வந்தது. இன்னும் கொஞ்சம் உருக்கமாக இருந்தால் நன்றாக இருக்குமாம்.

அதே வரிகளைத் திரும்ப அனுப்பினேன். மறுபடி கேட்டால் மறுபடி அனுப்புவேன்.

அவரை அறிந்த நீங்கள், அவர் புன்னகையை, எளிமையை, கடின உழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அவற்றைத்தான் பங்கு போட்டீர்கள். எனக்கு அவர் அந்த அலுவலகத்தில் குரலை உயர்த்தாமல் சொன்னது போதும். முடிவு, அல்லது பெயர். அவர் இரண்டு வழிதான் வைத்தார். அவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: இயக்குநர் இறந்துவிட்டார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.