எட்டுச் சிப்பிகள் மூடிய காலை

குடிநீர்த் தேக்கத்தின் ஆய்வுக்கூடத்தில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிப்பியக்கா' என்றால்தான் தெரியும்.

தேக்கத்திலிருந்து வரும் குழாயின் சிறு கிளை ஒன்று அவளுடைய கண்ணாடித் தொட்டியில் விழும். தொட்டியில் எட்டு நன்னீர்ச் சிப்பிகள். ஒவ்வொரு ஓட்டிலும் ஒட்டிய மெல்லிய கம்பி, சிப்பி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று திரையில் காட்டும். தண்ணீர் நன்றாக இருந்தால் திறந்திருக்கும். ஆகாதது ஏதாவது கலந்தால் இறுக மூடிக்கொள்ளும். ஒன்றிரண்டு மூடினால் பரவாயில்லை. எட்டும் மூடினால், ஊருக்குப் போகும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

"வீட்ல இருக்கறவங்களைவிட அதுங்க மூஞ்சியத்தான் நீ அதிகம் பார்க்கறே" என்பார் அப்பா.

"அதுங்களுக்கு வாயை மூடத் தெரியும்" என்பாள் அம்மா.

அவள் ஓய்வு பெறும் நாள். மாலையில் வழியனுப்பு விழா. கடிக்கிற புதுச் செருப்போடு நொண்டிக்கொண்டே உள்ளே வந்தவள் திரையைப் பார்த்தாள். எட்டும் மூடியிருந்தன. செருப்பை உதறிவிட்டு ஓடி வால்வை அடைத்தாள்.

பம்ப் ஆபரேட்டர் பதறிப்போய் வந்தார். "அக்கா! ஊரே குளிக்கிற நேரம்க்கா!"

"ஒரு நாள் குளிக்கலேன்னா கொஞ்சம் நாறும். அவ்வளவுதானே?"

தலைமைப் பொறியாளர் போனில் கத்தினார். "மேடம், தலை பூரா ஷாம்பு! கண்ணைத் திறக்க முடியல!"

"துண்டால துடைங்க சார்."

தேக்கத்துத் தண்ணீரைச் சோதித்தார்கள். குறையே இல்லை. அம்மா தொட்டிக்குள் கைவிட்டாள். வழவழவென்றிருந்தது. முகர்ந்தாள். எலுமிச்சை வாசனை.

"யாருய்யா இதைக் கழுவினது?"

ஆபரேட்டர் கூரையைப் பார்த்தார். "சாயங்காலம் போட்டோ எடுப்பாங்கல்ல... பாசி பிடிச்சிருந்துச்சு... கொஞ்சூண்டு சோப்புதான்க்கா."

ஊருக்குத் தண்ணீர் திரும்பியது. சிப்பிகள் பிழைக்குமா என்றுதான் தெரியவில்லை. அம்மா அவற்றைத் தேக்கத்துத் தண்ணீர் நிரம்பிய வாளிக்கு மாற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வருடம் அவள் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவை. ஆபரேட்டர் சாப்பிடவே போகவில்லை.

மாலையில் மேடை நாற்காலி காலியாகக் கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய், மைக்கோடு கூட்டமே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டது. தலைமைப் பொறியாளர் தொண்டையைக் கனைத்து, "நமது அன்புக்குரிய..." என்று ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க. ஒண்ணு திறக்குது."

மைக் அணைந்தது. எல்லோரும் வாளியைச் சுற்றிக் குனிந்தார்கள். ஒன்று திறந்தது. அப்புறம் இரண்டு. எட்டாவது திறந்தபோது ஆபரேட்டர் விசிலடித்தார். அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. போட்டோவில் எல்லோருடைய முதுகும்தான் விழுந்திருக்கிறது.

போன மாதம் அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வந்த கூட்டத்தில் ஆபரேட்டரும் நின்றார். அவள் காதருகே குனிந்தார்.

"எட்டும் திறந்திருக்குக்கா. சோப்பை உள்ளேயே விடறதில்ல."