வண்டிக்கு வழி விடாதீர்கள்

பார்சல் அண்ணன் தன் அக்காவுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். கால் முறிந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் அது. அக்கா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுதான் அவரை அரித்தது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனாலும் ஆன்லைனில் யார் எதை வாங்கினாலும் தன் கை படாமல் வீடு போய்ச் சேராது என்று மார்தட்டுவார். பொய்யில்லை. அவர் சுமை தூக்கும் ஆன்லைன் கம்பெனிக் கிடங்கில் எந்த அலமாரியில் எது இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆள்.

பிறகு தானாக ஓடும் வண்டிகள் வந்தன. தரையோடு ஊர்ந்து, அலமாரியையே முதுகில் தூக்கிக்கொண்டு பேக்கிங் மேசைக்குப் போயின. அவை ஒழுங்காக ஓடினால் சுமை தூக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. நல்லவேளை, அவை நடுவழியில் நின்று நின்று கழுத்தறுத்தன.

ஏன் நிற்கின்றன என்று அண்ணனுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்கா பணம் அம்போ.

நாலாம் நாள், வண்டிகளை ஓட்டும் கம்ப்யூட்டரைப் பார்க்கும் பெண், கோளாறு பிடிபடாமல் வண்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"கோளாறு வண்டியில இல்லம்மா. எங்க ஆளுங்ககிட்ட."

"என்னண்ணே சொல்றீங்க?"

"வண்டி வந்தா மரியாதையா ஒதுங்கி நிக்கிறாங்க. ஆள் நிக்குதேன்னு அதுவும் நிக்குது. நீங்க போங்க, நீங்க போங்கன்னு ரெண்டும் புதுச் சம்பந்திங்க மாதிரி. கண்டுக்காம நடக்கச் சொல்லு, ஓடும்."

அவள் சிரித்துவிட்டாள். "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எங்களை யாரு கேட்டா?"

அன்று சாயங்காலமே அவள் மேலாளரிடம் போனாள். இந்த அண்ணன் கூட இருந்தால்தான் இனி வண்டியில் கை வைப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அண்ணனுக்கு வண்டித்தடம் பார்க்கும் வேலை, கூடுதல் சம்பளத்தோடு கிடைத்தது. வேகம் கூடியதில் பேக்கிங்குக்கே ஆள் போதவில்லை; சுமை தூக்கியவர்களை அங்கே மாற்றினார்கள், யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

எட்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனார்.

"கையை நீட்டுக்கா."

"உன்கிட்ட யாருடா கேட்டா? உள்ள வை."

"பெரிய ஆளாயிட்டேன்க்கா. நீட்டு."

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தார்.