விரல் விழுந்த வசனம்

என் அக்காவை மருந்துக்கடையில் எல்லோரும் 'சீட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டாக்டரின் கிறுக்கலாக இருந்தாலும் சீட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் படித்துவிடுவாள். முதலாளிக்கே பிடிபடாத சீட்டுகள் கடைசியில் அவள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும்.

இவ்வளவு கண் கூர்மையான மனுஷி, நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில் பைபிளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சமையலறை மேஜைமேல் பைபிளை வைப்பாள், கண்ணை இறுக மூடுவாள், ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை ஊன்றுவாள். விரல் விழுந்த வசனம்தான் அன்றைக்குக் கடவுள் அவளுக்குச் சொன்னது. வீடு மாறியதும் அப்படித்தான், பழைய வண்டியை விற்றதும் அப்படித்தான். ஒருநாள் யாருக்கு யார் பிள்ளை என்று போகும் வம்ச வரலாற்றில் விரல் விழுந்தது. அதிலிருந்தும் ஒரு அர்த்தத்தைக் கறந்துவிட்டாள்.

"ஒரு நாள் வெறும் பக்கத்துல விரல் விழுந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு அர்த்தம். உனக்கு அது வந்தா ரொம்ப நல்லது" என்றாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கிப் பழகிய ஆள், திடீரென்று முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பரிசோதனை எல்லாம் முடித்து டாக்டர் பிட்டுப் பிட்டு வைத்தார். இருதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். மாற்றும்போதும் ஆபத்து உண்டு. "சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். "நீ சரின்னா சரி" என்றார். எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். அவள் விரல்மேல் அவளைவிட அவருக்கு நம்பிக்கை அதிகம்.

மறுநாள் காலையில் அக்கா விரல் வைத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உன் வீட்டுக் காரியங்களை ஒழுங்கு பண்ணிக்கொள், நீ பிழைக்கப் போவதில்லை, சாகப் போகிறாய் என்று ஒரு ராஜாவிடம் சொல்லப்படும் இடம் அது. பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். பொய் சொல்வானேன், கேலி செய்கிறவளுக்கும் அந்த நேரத்தில் பயம் வரத்தான் செய்தது.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றாள். குரலே எழும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். அத்தான் தூங்கும்போது அருகில் போய் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒருமுறை அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "என்ன பாக்குறே?" என்றார். "போர்வை" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் மனுஷன் இருமி இருமி நீலம் பூக்கிறார், இன்னொரு பக்கம் இவள் ஒரு வரிக்குப் பயந்து பேசாமல் கிடக்கிறாள்.

சண்டை போடத்தான் அன்று கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒருவர் கிழிந்த சீட்டு ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார். மருந்தின் பெயர் மட்டும் இருந்தது, மேல்பாதியைக் காணோம்.

"இது யாருக்கு எழுதினது? வயசு என்ன? என்னைக்கு எழுதினது?" என்று அக்கா கேட்டாள்.

"மருந்து பேருதான் தெளிவா இருக்கே, எடுத்துக் குடுங்க."

"ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தருக்குக் குடுத்தா ஆளைக் கொன்னுடும். முழு சீட்டோட வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மருந்துக்கு மட்டும் இவ்வளவு கறாரா? வீட்டுல நீ கையில வெச்சிருக்கிறதும் கிழிஞ்ச சீட்டுதானே. யாருக்கு எழுதினது, எப்ப எழுதினது, மேல என்ன, கீழ என்ன, ஏதாவது பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அடுத்து வந்தவரின் சீட்டை வாங்கினாள். வாங்கிய மாத்திரத்தில் படிக்கிறவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

அவர்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் பைபிளை எப்படி வாசிப்பது என்று ஒரு வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் ஒரு கணக்கு டீச்சர், அக்காவைவிட ரொம்பச் சின்னவர். 'கடவுள் பேசுறதுக்கு வகுப்பு எதுக்கு' என்று அக்கா அந்தப் பக்கமே போனதில்லை. அந்தச் சனிக்கிழமை போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். படிக்கவா போனாள்? அந்த வசனத்தை ரத்து செய்ய ஏதாவது ஜெபம் இருக்கிறதா என்று கேட்கப் போனாள்.

டீச்சர் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல அந்த அதிகாரம் முழுக்க சத்தமா வாசிங்கக்கா. நடுவுல நிறுத்த வேணாம், அர்த்தமும் சொல்ல வேணாம்" என்றார்.

அக்கா வாசித்தாள். ராஜா வியாதியாய்க் கிடக்கிறான். தீர்க்கதரிசி வந்து சாகப் போகிறாய் என்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறான். உடனே வேறு செய்தி வருகிறது, இன்னும் பதினைந்து வருஷம் தரப்படும் என்று. கடைசியில் அத்திப்பழத்தை அரைத்துக் கட்டிமேல் பற்றுப் போடச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அக்காவின் குரல் உடைந்தது. இத்தனை நாளும் விரலுக்குக் கீழே இவ்வளவு இருந்திருக்கிறது, அவள் கண்ணை இறக்கவே இல்லை.

"அப்போ பதினஞ்சு வருஷம்" என்றாள். முகத்தில் உயிர் வந்துவிட்டது. "மருந்தும் போட்டிருக்காங்க. ஆபரேஷன் பண்ணலாம்னுதானே அர்த்தம்?"

டீச்சர் பைபிளைத் தன் பக்கம் திருப்பினார். "இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்குக்கா. சாவேன்னு சொன்னது யாருக்கு?"

"அந்த ராஜாவுக்கு."

"பதினஞ்சு வருஷம் யாருக்கு?"

அக்கா அந்த வரியின்மேல் வைத்திருந்த விரலை எடுத்தாள்.

"பயமுறுத்துறது நமக்கு இல்லைன்னா, ஆறுதலா இருக்கிறதும் அதே மாதிரிதான். வேணுங்கிறதை மட்டும் எடுத்துக்க முடியாது. இது நடந்த கதை. யார் யாருக்குச் சொன்னாங்க, கேட்டவங்களுக்கு அது என்னவா இருந்துதுன்னு முதல்ல பாக்கணும். அப்புறம்தான் நமக்கு என்னன்னு கேக்கணும். அழுதா கேக்கிற கடவுள்னு இதுல இருக்கு, அதை எடுத்துக்கலாம். உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு நாள்னு இதுல இல்லக்கா."

வெளியே வந்து தெருவோரமாக நடந்தோம். பயம் தெளிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே? அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. "முன்னாடி கெட்டதாவது தெரிஞ்சுது. இப்ப ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

ஆனாலும் திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அவளே போன் செய்து சரி என்றாள். காலையில் விரல் வைப்பதையும் விட்டாள். ராஜாவின் கதைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று வரிசையாக வாசித்தாள். சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனாள். பாட்டைப் பாட்டாக வாசிக்க வேண்டும், கடிதத்தைக் கடிதமாக வாசிக்க வேண்டும் என்று என்னிடமே வந்து பாடம் எடுப்பாள்.

ஒரு தப்பு மட்டும் நடந்துபோயிற்று. வீட்டில் அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துப் பழகும்போது அத்தான் கேட்டுவிட்டார். பதினைந்து வருஷம் என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்தார். "இதான் என் வசனம்" என்றார். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பதினைந்து வருஷக் கணக்கைச் சொன்னார். ஓய்வு பெறும் வயதைக்கூடக் கணக்குப் போட்டுவிட்டார். அக்கா ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

"அதைக் கெடுத்துடாதே. நம்பிக்கையா போகட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. பச்சை உடை போட்டு, தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அத்தானின் உதடு வறண்டிருந்தது. கதவுக்கு முன்னால் ஊழியர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். அத்தான் அக்காவின் விரலைத் தேடிப் பிடித்தார்.

"பதினஞ்சு வருஷம் உறுதிதானே?"

ஆமாம் என்று சொல், சொல்லித் தொலை என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அக்கா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. அது அந்த ராஜாவுக்குச் சொன்னது. உங்களுக்கு எவ்வளவுன்னு யாரும் என்கிட்ட சொல்லல. நான் அழுது கேட்டிருக்கேன். இங்கேயே உக்காந்திருப்பேன்."

அத்தான் அவளையே பார்த்தார். கண் நிறைந்தது. கதவு மூடிக்கொண்டது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "பாவி, வாய் வார்த்தைக்கு ஒரு ஆமாம் சொன்னா குறைஞ்சா போயிடுவே? கண்ணுல தண்ணியோட உள்ள போறார்."

"அவர் வெளிய வரலைன்னா? கடைசியா நான் அவர்கிட்ட சொன்னது ஒரு பொய்யா இருக்கணுமா?" என்று கேட்டாள். நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவள் தோள் என் தோளில் உதறிக்கொண்டே இருந்தது. யார் கதவைத் திறந்தாலும் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது இல்லை.

மாலையில் டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். புது வால்வு வேலை செய்கிறது என்றார்.

வாயிலிருந்த குழாயை எடுத்தபிறகு எங்களை உள்ளே விட்டார்கள். "என்மேல கோவமாங்க?" என்று அக்கா கேட்டாள்.

அத்தானுக்குப் பேச்சு காற்றாகத்தான் வந்தது. "நீ தெரியாதுன்னு சொன்னப்பதான் உனக்கும் பயம்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் நான் ஒருத்தன்தான் பயந்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்."