ராணியின் புதுச் சீற்

யுத்த காலத்தில் நானும் தோழி ராணியும் கப்பல்துறையிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவோம். என் சைக்கிளின் ஒடுங்கிய சீற்றில் உட்கார்ந்து மிதித்தால் இடுப்பு விண்ணென்று வலிக்கும். ராணியோ பின்பக்கம் அகன்ற, மெத்தென்ற சீற் ஒன்றைத் தேடி வாங்கித் தன் சைக்கிளில் பூட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சோதனைச் சாவடியில், அவள் பெண்களைச் சோதிக்கும் கூடாரத்துக்குள் இருந்தபோது, அந்தச் சீற்றுக்குள்ளும் பார்க்கும்படி சிப்பாயிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். அவன் அதைக் கத்தியால் கிழித்தான். உள்ளே பஞ்சுதான் இருந்தது.

வெளியே வந்த ராணி பிதுங்கிய பஞ்சைத் திரும்ப உள்ளே திணித்தாள்.

"நல்ல காலம், உம்மட சீற்றை வெட்டேல்ல. உமக்குத்தானே இடுப்பு ஏலாது," என்றாள்.

நான் செய்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அன்று அவளுக்குப் பின்னால் நான் மிதித்துப் போகையிலும் எனக்குப் பொறாமைதான். அந்த மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று.