கேட்டிலேயே ஒட்டிய ஸ்டிக்கர்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவரைப் பிள்ளைகள் 'வேன் மாமா' என்பார்கள். பதினெட்டு வருடமாக ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட வந்ததில்லை. அவருக்குத்தான் வேன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: பேட்டரி வயரில் கோளாறு, நின்ற இடத்திலேயே தீப்பிடிக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம்.

அன்றே சர்வீஸ் சென்டரில் விட்டார். சாயங்காலம் வேன் குளித்து, சென்ட் பூசி, 'சரிசெய்யப்பட்டது' என்ற ஸ்டிக்கரோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பானட்டைத் திறந்தால் அதே பழைய வயர்.

"மாத்தவே இல்லையே சார்?"

"ஸ்பேர் வரலண்ணே. ஸ்டிக்கர் எல்லா வண்டிக்கும் கேட்லயே ஒட்டிடுவோம். ஒண்ணும் ஆகாது, தைரியமா ஓட்டுங்க" என்றார் மேனேஜர்.

வேன் மாமா வேனைக் கொண்டுபோய், மேனேஜரின் புதுக் காரை வெளியே எடுக்க முடியாதபடி ஒட்டி நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, அங்க வேணாம்ணே! பத்திக்கிச்சுன்னா?"

"அதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே சார். தைரியமா இருங்க."

வராத ஸ்பேர் அரை மணி நேரத்தில் ஸ்டோர் ரூமிலிருந்தே வந்தது. வயரை மாற்றி முடிக்கும்வரை மாமா சாவியை வெளியே எடுக்கவில்லை.